குடலின் உட்புறம் எந்தப் பக்கம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்குடல் வாங்கி வந்தால், அதைக் கழுவி முடிப்பதற்கே எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அம்மா கொல்லைப்புறத்தில் மணை போட்டு உட்கார்ந்து, வயிற்றுப் பகுதியை வெந்நீரில் சுண்ணாம்பு கலந்து ஊற வைத்து, மேலே படிந்திருக்கும் கருஞ்சாம்பல் நிறத் தோலைக் கரண்டி முனையால் சுரண்டி எடுப்பார். பிறகு சிறுகுடலின் ஒரு முனையை மெல்லிய குச்சியில் செருகி, சட்டைக் கையைப் புரட்டுவதுபோல அதை முழு நீளத்துக்கும் உள்வெளியாகப் புரட்டுவார். குவளையால் தண்ணீர் ஊற்றுவது மட்டுமே என் வேலை. ஏழாம் வகுப்பில் செரிமான மண்டலம் படித்திருந்த திமிரில், ஒருநாள் நான், "இப்போ இது உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று கேட்டேன். "எந்தப் பக்கமா இருந்தா என்னடா, ரெண்டு பக்கமும் கழுவித்தானே ஆகணும்" என்றார் அம்மா.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. குடலின் உள்பக்கம் என்று நாம் சொல்லும் பக்கமே உடலின் வெளிப்பக்கம். உளுந்து வடையின் நடுவில் இருக்கும் துளையை வடைக்குள் இருப்பதாக யாரும் சொல்வதில்லை. அந்தத் துளையைச் சுற்றியிருக்கும் மொறுமொறுப்பான பரப்பும் வடையின் மேற்பரப்பின் தொடர்ச்சிதான். வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் நம் உணவுப் பாதையும் அத்தகைய துளையே. அது மிக நீளமாகவும் சுருண்டும் இருப்பதால்தான் நாம் ஏமாந்து போகிறோம். குழந்தை விழுங்கிய ஒரு ரூபாய் நாணயம் இரண்டு மூன்று நாளில் வெளியே வந்து விழும்போது, அது உடலுக்குள் ஒரு கணமும் நுழைந்திருக்கவில்லை. உடலின் ஊடாகச் செல்லும் ஒரு சந்தில் நடந்து கடந்திருக்கிறது, அவ்வளவே. சோறும் அப்படித்தான். விழுங்கப்பட்ட சோறு, குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேரும்வரை, உடலுக்கு வெளியிலேயே இருக்கிறது. சுவரைக் கடக்க வேண்டுமானால் அது சோறாக இருக்க முடியாது. குளுக்கோஸாகச் சிதைந்திருக்க வேண்டும். இந்தச் சிதைப்புக்குத்தான் செரிமானம் என்று பெயர்.

இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, மற்ற உயிர்கள் உண்ணும் விதம் எனக்கு விநோதமாகத் தெரியவில்லை. வெல்லக் கட்டியின் மேல் வந்து அமரும் ஈயைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அதற்குக் கடிக்கப் பல் இல்லை. நுனியில் பஞ்சுபோல் விரியும் உறிஞ்சுகுழலை இறக்கி, உமிழ்நீரையும் வயிற்றிலிருந்து எதுக்களித்த நீரையும் வெல்லத்தின் மேல் விட்டு, கரைந்ததை மட்டும் உறிஞ்சிக் கொள்கிறது. (ஈ மொய்த்த பண்டத்தை ஏன் தின்னக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.) சிலந்தி தன் இரையின்மேல் செரிமான நீரைச் செலுத்தி, கூழானதைக் குடித்துவிட்டுச் சக்கையை விட்டுவிடுகிறது. கடலடியில் வாழும் நட்சத்திர மீன் இவற்றை எல்லாம் மிஞ்சிவிடுகிறது. சிப்பியின் இரு ஓடுகளையும் பற்றி இழுத்து, மயிரிழை அளவு இடைவெளி கிடைத்ததும், தன் வயிற்றையே வாய்வழியாக வெளியே தள்ளி அந்த இடுக்கில் நுழைத்து, சிப்பியின் சதையை அதன் வீட்டிலேயே செரித்துவிட்டு வயிற்றைத் திரும்ப உள்ளிழுத்துக் கொள்கிறது. ஒற்றைச் செல் உயிரான அமீபா இரையைச் சூழ்ந்து உள்ளே எடுத்துக் கொள்கிறதே என்றால், அங்கும் இரையைச் சுற்றி இருக்கும் உணவுக் குமிழியின் சுவர், அமீபாவின் மேல்சவ்விலிருந்து கிள்ளி எடுக்கப்பட்டதுதான். வெளியைச் சுருட்டி உள்ளே வைத்துக் கொண்டிருக்கிறது. நாம் செய்வதும் இதுவே. நம் குழாய்க்கு இரண்டு வாசல் உண்டு, குளத்து நீரில் வாழும் சிற்றுயிரான ஹைட்ராவுக்கு ஒன்றே ஒன்று. அது தின்பதும் அதே வாய்வழி, சக்கையைத் துப்புவதும் அதே வாய்வழி.

நம் வாயில் நடப்பதை எல்லோரும் அறிவோம். வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் இனிக்கிறது. உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டத் தொடங்கியதன் சுவை அது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு உமிழ்நீர் சுரக்கிறோம். அதன்பின் உணவுக்குழாயின் 25 சென்டிமீட்டரை உணவு சில நொடிகளில் கடந்துவிடுகிறது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விழுங்கினாலும் அது இரைப்பைக்குத்தான் போய்ச் சேரும். தள்ளுவது புவியீர்ப்பு அன்று, குழாயின் தசைகள்.

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்டறிந்த கதை மட்டும் அவ்வளவு சீக்கிரம் கடந்துவிடக் கூடியது அல்ல. அங்கே உணவு அரைபடுகிறதா, அழுகுகிறதா, வேகிறதா என்று ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுக் கொண்டிருந்தனர். பிரான்சு நாட்டு ரியோமூர் 1752-இல், செரிக்காததைக் கக்கிவிடும் இயல்புடைய ஒரு பருந்துக்கு, துளையிட்ட உலோகக் குழாய்களில் இறைச்சியை அடைத்து விழுங்கக் கொடுத்தார். கக்கி வந்த குழாய் நசுங்கவில்லை. உள்ளே இருந்த இறைச்சி கரைந்திருந்தது. அப்படியானால் வேலை செய்வது அரைவை அன்று, ஏதோ ஒரு நீர். இத்தாலியின் ஸ்பல்லன்சானி துணிப் பைகளில் உணவைக் கட்டித் தானே விழுங்கிப் பார்த்தார். இரைப்பை நீரையும் உணவையும் குழாய்களில் அடைத்து, உடற்சூடு வேண்டும் என்பதற்காகத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு நாட்கணக்கில் நடமாடினார்.

அதன் பிறகு, 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் ஹியூரான் ஏரியில் உள்ள மேக்கினா தீவில், மென்மயிர் வணிகக் கடையொன்றில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மிக அருகில் நின்றிருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுப் படகோட்டி இளைஞரின் இடப்பக்க விலாவுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. தீவில் இருந்த கோட்டையின் இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அவர் பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார். பிழைத்தார், ஆனால் இரைப்பையின் காயம் வயிற்றுத் தோலோடு ஒட்டிக்கொண்டு ஆறியதால், வெளியிலிருந்து இரைப்பைக்குள் செல்லும் ஒரு துளை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. 1825 ஆகஸ்ட் மாதம் பியூமான்ட் மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, காய்ந்த ரொட்டி, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இறக்கி, மணிக்கொரு தரம் இழுத்துப் பார்த்தார். கிணற்றில் வாளி இறக்குவதைப் போலத்தான். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, உடற்சூட்டில் வைத்து, அதில் இறைச்சியைப் போட்டபோது, வயிற்றில் கரைந்ததைப் போலவே குப்பியிலும் கரைந்தது. செரிமானத்துக்கு உயிருள்ள வயிறுகூடத் தேவையில்லை, சரியான நீரும் சரியான சூடும் இருந்தால் போதும் என்பது இதனால் உறுதியாயிற்று. அந்த நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை இங்கிலாந்தில் வில்லியம் பிரௌட் அதே காலத்தில் காட்டினார். 1836-இல் தியோடர் ஷ்வான் அதிலிருந்து ஒரு நொதியைப் பிரித்துப் பெப்சின் என்று பெயரிட்டார்.

பியூமான்ட் 1833-இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளை நூலாக வெளியிட்டுப் புகழடைந்தார். எனக்கு மனம் நிற்பது மார்ட்டினிடம்தான். அவர் நோயாளியாக வந்து, மருத்துவர் வீட்டில் விறகு வெட்டும் வேலைக்காரராக இருந்து, சோதனைப் பொருளாகவும் ஆனவர். கூலி ஒப்பந்தம் இருந்தது என்றாலும், வேறு போக்கிடம் இல்லாதவனின் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடையில் சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டார், மீண்டும் அழைக்கப்பட்டார். பியூமான்ட் 1853-இல் இறந்தார். வயிற்றில் ஓட்டை உள்ள மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தார். அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டு வரக் கூடாது என்பதற்காக, குடும்பத்தார் அது அழுகும்வரை வைத்திருந்து ஆழமான குழியில் புதைத்தனர்.

இரைப்பையில் கூழான உணவு கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் விடப்படுகிறது. அமிலம் அங்கே வந்து பட்டதும், குடற்சுவர் செக்ரடின் என்ற பொருளை இரத்தத்தில் விட, அது கணையத்துக்குச் சேதி சொல்லி, அமிலத்தை முறிக்கும் காரநீரை வரவழைக்கிறது. 1902-இல் இலண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் இதைக் கண்டறிந்தனர்; ஹார்மோன் என்று பின்னர் பெயரிடப்பட்ட பொருள்களில் முதலில் அவ்வாறு அடையாளம் காணப்பட்டது இதுதான். பித்தநீர் கொழுப்பைப் பொடித் துளிகளாக்குகிறது, கணையநீர் மாவு, புரதம், கொழுப்பு என்ற மூவகைச் சத்துகளையும் வெட்டுகிறது. ஒரு நாளில் நாம் குடிக்கும் இரண்டு லிட்டரோடு, உடல் தானே சுரக்கும் ஏழு லிட்டர் நீரும் இந்தக் குழாயில் கொட்டுகிறது. இந்த ஒன்பது லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது 100 அல்லது 200 மில்லிலிட்டர். மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. வாந்திபேதி ஓர் ஆளை ஒரே பகலில் சாய்த்துவிடுவது ஏன் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

அம்மா புரட்டிய சிறுகுடலை விரலால் தடவினால், வெல்வெட் துணியைத் தடவுவது போலிருக்கும். அந்த மென்மைக்குக் காரணம் குடலுறிஞ்சிகள்: அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ள, விரல் வடிவ நீட்சிகள். மனிதச் சிறுகுடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவுக்கு வரும் என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். 2014-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் திரும்ப அளந்து பார்த்து, உணவுப்பாதை முழுவதையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான் வரும், அதாவது பாதி பூப்பந்து மைதானத்துக்கும் சற்றுக் குறைவு என்றனர். எனக்கு இந்தச் சிறிய எண்ணே பிடித்திருக்கிறது. வயிற்றுக்குள் மடித்து வைக்க அதுவே தாராளம்.

நாங்கள் கழுவிய குடலில் மிகப் பெரிய துண்டு சிறுகுடல் அன்று. குளியல் துண்டைப் போலச் சொரசொரப்பாக இருக்கும் முதல் வயிறுதான். அதை ஒட்டி, தேன்கூட்டின் அறுகோணங்களைப் போலப் பின்னிய இரண்டாம் வயிறு; ஏடு ஏடாகப் புத்தகம்போல் பிரியும் மூன்றாம் வயிறு; வழவழப்பான நான்காம் வயிறு. நான்காவதுதான் நம்முடையதைப் போல அமிலம் சுரக்கும் இரைப்பை. முன்னே உள்ள மூன்றும் நொதிக்கூடம், அதாவது நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்க வைக்கும் இடம். இதை ஆட்டுக்குடலில் பார்த்தேன் என்றாலும், அது வேலை செய்வதை நான் உணர்ந்தது எங்கள் வீட்டுப் பசுவிடம்.

ஒரு மாட்டுப் பொங்கலன்று, பாசத்தின் மிகுதியால், நாங்கள் ஆளுக்கொரு கை, அண்டை வீட்டார் ஆளுக்கொரு தட்டு என்று அதற்குப் பொங்கலை ஊட்டித் தள்ளினோம். மறுநாள் காலையில் அது அசைபோடவில்லை, மூக்கு காய்ந்திருந்தது, புளித்த வாடையோடு தண்ணீராகச் சாணி போட்டுக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு நின்றது. வந்த கால்நடை மருத்துவர் முதலில் மருந்துப் பையைத் திறக்கவில்லை. இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நலமாக உள்ள மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை அந்த இடத்தில் வயிறு புரண்டு முட்டியைத் தள்ளும். இதற்கு மூன்று நிமிடத்தில் ஒன்றுகூட வரவில்லை. என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். கல்லைத் தொட்டது போலிருந்தது.

மாடு புல்லைச் செரிப்பதில்லை என்பதை அன்றுதான் அவர் வாயால் கேட்டேன். புல்லில் உள்ள செல்லுலோஸை வெட்டும் நொதி மாட்டிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. அது நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. பெரிய கறவை மாட்டின் முதல் வயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். காற்றில்லாத, இருட்டான, 39 பாகை வெப்பமுள்ள அந்தத் தொட்டியில், ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடிக்குக் குறையாமல் பாக்டீரியாக்களும், அவற்றைத் தின்னும் ஓரணு உயிர்களும், பூஞ்சைகளும் வாழ்கின்றன. அவை புல்லை நொதிக்க வைத்து, தங்களுக்குக் கழிவான கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகின்றன. மாட்டின் ஆற்றலில் பெரும்பங்கு, அந்தக் கழிவை வயிற்றுச் சுவர் வழியே உறிஞ்சியே கிடைக்கிறது. மாடு செய்வதெல்லாம் இந்தக் குடியிருப்பைப் பராமரிப்பது. நாளில் ஏழெட்டு மணி நேரம் தின்றதைக் கவளம் கவளமாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டு நாராக்கித் தருகிறது; 100 லிட்டர் அளவுக்கு உமிழ்நீரை விழுங்கி, அதிலுள்ள சோடா உப்பால் தொட்டியின் புளிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது; உண்டாகும் மீத்தேனை ஏப்பமாக வெளியேற்றுகிறது. கடைசியில், நிரம்பி வழியும் குடிகளான அந்த நுண்ணுயிர்களையே நான்காம் வயிற்றுக்கு அனுப்பி, அமிலத்தாலும், பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் நொதியாலும் செரித்துப் புரதமாக்கிக் கொள்கிறது. வெறும் வைக்கோல் தின்னும் மாட்டுக்குப் பாலில் இறங்கும் புரதம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்றால், இங்கிருந்துதான். இலை தின்னும் மந்திகளின் வயிற்றிலும் இதே ஏற்பாடு தனியாகத் தோன்றியிருக்கிறது. அவற்றின் லைசோசைமும் மாட்டினுடையதைப் போலவே அமிலம் தாங்கும்படி மாறியிருக்கிறது.

நாங்கள் செய்த தவறு, புல்லுக்குப் பழகிய இந்த ஊருக்குள் ஒரே நாளில் பத்துக் கிலோ வெந்த சோற்றையும் வெல்லத்தையும் கொட்டியது. மாவுச்சத்தை விரைந்து புளிக்க வைக்கும் ஒருசில பாக்டீரியாக்கள் மட்டும் பெருகி, லாக்டிக் அமிலத்தை ஊற்றி, புல் செரிக்கும் குடிகளை ஒழித்துவிட்டன. அமிலம் இரத்தத்திலிருந்து நீரைத் தொட்டிக்குள் இழுத்ததால் மாடு வறண்டுபோனது. சோடா உப்புக் கரைசலும், நரம்பு வழியே மூன்று நான்கு பாட்டில் நீர்மமும் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை: பக்கத்து வீட்டு மாடு அசைபோட்டுக் கொண்டிருந்தபோது அதன் வாயில் கைவிட்டுக் கவளத்தைப் பிடுங்கி, தண்ணீரில் கரைத்து, எங்கள் மாட்டுக்குப் புகட்டச் சொன்னார். குடிகள் செத்த ஊருக்குப் புதுக் குடியேற்றம். மூன்றாம் நாள் மாலை அது அசைபோட்டது. அடுத்த பொங்கலிலிருந்து எங்கள் வீட்டில் மாட்டுக்கு ஒரு கவளம் பொங்கல்தான், மிச்சம் எங்களுக்கு.

நொதிக்கூடத்தை முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துக்கொண்ட விலங்குகளும் உண்டு. குதிரையும் யானையும் முயலும் சிறுகுடலைத் தாண்டிய பிறகே நார்ச்சத்தை நொதிக்க விடுகின்றன. இதில் ஓர் இழப்பு இருக்கிறது: நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புரதம், அதை உறிஞ்சும் சிறுகுடலைக் கடந்தபின் உண்டாவதால், சாணத்தோடு போய்விடும். யானை இதற்கு அளவால் ஈடு செய்கிறது, நூறு கிலோவுக்கு மேல் தின்று பாதிக்கு மேல் செரிக்காமலே விட்டுவிடுகிறது. மலைப்பாதையில் கிடக்கும் யானை லத்தியை உதைத்துப் பார்த்தால் நாரும் கொட்டைகளும் அப்படியே தெரியும். முயல் கண்ட வழி வேறு: கொத்தாகவும் மென்மையாகவும் வரும் ஒருவகைப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்து விழுங்கிவிடுகிறது. முகம் சுளிக்க வேண்டியதில்லை. மாடு வாய்க்குத் திருப்பி எடுப்பதை முயல் சற்றுச் சுற்றி வந்து எடுக்கிறது.

மனிதனும் ஓரளவுக்கு இந்தப் பின்கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். கொண்டைக்கடலைச் சுண்டல் தின்ற இரவில் வயிறு இரைவதற்குக் காரணம், பயறுகளில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை வெட்டும் நொதி நமக்கு இல்லாததால் அவை பெருங்குடல் வரை முழுதாகச் சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாவதே. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போனதும் இதே கதை. வயது ஏற ஏற லாக்டேஸ் நொதி குறைந்ததால் பாலின் சர்க்கரை அந்தப் பாக்டீரியாக்களுக்குப் போய்விடுகிறது. தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை வெளியிலேயே பாக்டீரியாக்கள் தின்றுவிடுவதால் தயிர்சாதம் என்னைக் காப்பாற்றுகிறது. நம் உடலோடு வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 இலட்சம் கோடி என்றும், மொத்த எடை 200 கிராம் அளவுதான் என்றும் 2016-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன.

குடல் குழம்பைச் சாப்பிடும்போது எழும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. ஆட்டின் குடலைச் செரிக்கும் என் குடல், ஏன் தன்னையே செரித்துக்கொள்வதில்லை? இரைப்பையின் பெப்சினும், புரதத்தை வெட்டும் கணைய நொதியான டிரிப்சினும் உறையிட்ட கத்திகளாகவே சுரக்கப்படுகின்றன. பெப்சின் அமிலத்தில் விழுந்த பிறகும், டிரிப்சின் குடலை அடைந்த பிறகும்தான் உறை கழல்கிறது. கணையத்துக்குள்ளேயே உறை கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணைய அழற்சி கண்டவர்கள் அறிவார்கள். இரைப்பைச் சுவரின்மேல் காரம் கலந்த சளிப்படலம் ஒன்று எப்போதும் படர்ந்திருக்கிறது. அது தோற்கும் இடத்தில் புண் வருகிறது. மிளகாயையும் மனக்கவலையையும் வெகுகாலம் குற்றம் சாட்டிக் கொண்டிருந்தோம். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா கலந்த நீரைத் தானே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் அவரோடு ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்பல்லன்சானியின் வழித்தோன்றல் என்று மார்ஷலைச் சொல்லத் தோன்றுகிறது.

இத்தனை காவலுக்குப் பிறகும் சுவர் தேய்கிறது. அதனால் சிறுகுடலின் மேற்படலச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்து, அடியிலிருந்து புதியவை ஏறி வந்துவிடுகின்றன. உதிர்ந்தவை குழாயில் வரும் உணவோடு கலந்து, பெரும்பாலும் அங்கேயே செரிக்கப்பட்டு உறிஞ்சப்படுகின்றன. ஆக, நம்மையே கொஞ்சம் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பைச் செரித்த படலம் என்னிடம் இப்போது இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வேறொன்றின்மேல்தான் இறங்குகிறது. குடல் கழுவும் வேலை இப்போது என்னுடையது. தண்ணீர் ஊற்றுவது என் மகள். இரண்டு பக்கமும் கழுவுகிறோம்.